செஞ்சி: பல பெயர் கண்ட மலை

திருக்குறளில் அரண் என்னும் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் மனக்கண்முன் வந்து நிற்பது செஞ்சி மலையே. தெளிந்த நீரும், வெட்டவெளி நிலமும், மலையும், நிழல் செறிந்த காடும் உடையதே அரண் என்கிறார் வள்ளுவர். உயர்வு, அகலம், திண்மை, பகைவரால் நெருங்க இயலாமை என்னும் நான்கும் அதற்கு வேண்டும் என்றும் வகுக்கிறார். இவ்விலக்கணம் அனைத்தும் ஒருங்கே பொருந்திய ஓரிடத்தைத் தமிழகத்தில் காட்டுக என்று கேட்டால், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்று இறங்குங்கள் என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

நான் செஞ்சியை முதலில் கண்டது கண்ணால் அன்று, காதால். திண்டிவனத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழ்ந்த என் ஆயா, களத்து மேட்டில் நெல் காயும் இரவுகளில் தேசிங்குராஜன் கதையை இழுத்து இழுத்துச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் அக்கதையில் ஓர் அடியும் அவருக்குப் பிசகியதில்லை. 1993ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில் கோட்டையைக் கண்டபோது, ஆயா சொன்ன ஊர் உண்மையிலேயே இருக்கிறதே என்று வியந்தேன். பின்னர்க் கதைப்பாடல்களை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டபோது பலமுறை சென்றேன். கடைசியாக 2025 டிசம்பரில் என் மாணவியரோடு சென்றிருந்தேன். கல்யாண மகாலின் நிழலில் அமர்ந்திருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "அம்மா, இது மராட்டியர் கோட்டையா, நம்ம கோட்டையா?"

அவ்வாண்டு ஜூலையில்தான் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் செஞ்சி சேர்க்கப்பட்டிருந்தது. 'மராட்டியர் படைத்தளங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டு கோட்டைகளுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன, பன்னிரண்டாவது செஞ்சி. மாணவியின் கேள்வி அச்செய்தியிலிருந்து பிறந்தது. அன்று அவளுக்கு ஒரு வரியில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. இக்கட்டுரை அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்த விடையே.

மலையின் அமைப்பு

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை முக்கோணமாக இணைத்து ஓடுகிறது செஞ்சியின் மதில். அதன் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். குன்றுகளுக்கு இடைப்பட்ட சமவெளியே கீழ்க்கோட்டை. மூன்றனுள் உயர்ந்தது இராஜகிரி. ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. யாரோ பெரும்பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துவிட்டு மறந்து போனதுபோலத் தோற்றமளிப்பவை இக்குன்றுகள். கோட்டை கட்டியவர்கள் மலையை வெட்டிச் சீராக்க முற்படவில்லை. பாறை செங்குத்தாக நின்ற இடங்களில் பாறையையே மதிலாகக் கொண்டனர். பாறை விட்ட இடைவெளிகளை மட்டுமே சுவரால் அடைத்தனர். எது இயற்கை, எது செயற்கை என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்க்குப் பிரித்தறிய இயலாது.

இராஜகிரியின் உச்சியை அடையும் முன்னர் ஒரு பெரும் பிளவு குறுக்கிடுகிறது. அகலம் ஏறத்தாழ 24 அடி. ஆழம் ஏறத்தாழ 60 அடி. அதன்மேல் இடப்பட்ட பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வேறு வழியில்லை. சில வீரர்கள் மட்டுமே நின்று ஒரு படையைத் தடுத்துவிடலாம். மலைமேல் வற்றாத சுனைகள் உண்டு. நெல்லைக் குவித்துவைக்கப் பெரிய களஞ்சியங்கள் உண்டு. நீரும் சோறும் உள்ளே இருக்கும்வரை வெளியே நிற்பவன்தான் முற்றுகைக்கு உள்ளானவன்.

கோட்டைக்கு முந்திய செஞ்சி

செஞ்சியின் வரலாற்றை மதிலிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆயின் மதிலுக்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர், வழிபட்டனர், இறந்தும் நினைக்கப்பட்டனர். செஞ்சிக்கு வடக்கே திருநாதர் குன்றில் ஒரு பெரும்பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியர் என்னும் சமண முனிவரின் நிசீதிகைக் கல்வெட்டும் உள்ளது. எழுத்தமைதி கொண்டு அதனைக் கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டினது எனக் கருதுவர். பிற்காலத்தில் எத்தனையோ ஆயிரம் வீரர் பிறரைப் பசியால் வீழ்த்த முயன்ற நிலப்பரப்பில், தானே பசியை விரும்பி ஏற்று நின்ற ஒருவரின் பெயரே மிகப் பழைய எழுத்தாக நிற்கிறது.

அடுத்து வந்தவர் பல்லவர். சிங்கவரத்தில் குன்றைக் குடைந்து அரங்கநாதர் குடைவரையையும், பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் சிவனுக்கொரு குடைவரையையும் அவர்கள் காலத்தில் அமைத்தனர். சோழர் காலத்தில் இப்பகுதி சிங்கபுரி நாடு என வழங்கியது. விக்கிரம சோழன் மீது ஒட்டக்கூத்தர் பாடிய உலாவில் செஞ்சியின் தலைவனாகிய காடவன் ஒருவன் குறிக்கப்படுகிறான். ஆகவே பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே செஞ்சி என்னும் பெயர் தமிழ்ப் புலவர் நாவில் வழங்கியது என்பது தெளிவு.

கோட்டையை முதலில் கட்டியவர் யார் என்னும் வினாவுக்கு ஊர் மரபு தரும் விடை வேறு. மெக்கன்சி தொகுத்த சுவடிகளுள் ஒன்றான 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' அதனைப் பதிவு செய்துள்ளது. ஆடு மேய்த்த இடையர் குலத்து ஆனந்தக் கோன் என்பவன் புதையல் ஒன்றைக் கண்டெடுத்து, 1190ஆம் ஆண்டளவில் தலைவனாகி மலைமேல் அரண் எடுத்தான் என்றும், அவன் வழிவந்த கிருஷ்ணக் கோன் மற்றொரு குன்றை அரணாக்கினான் என்றும் அம்மரபு கூறும். கிருஷ்ணகிரி என்னும் பெயர் அவனால் வந்தது என்பர். இம்மரபு முழுவதையும் கல்வெட்டுச் சான்றால் நிறுவ இயலாது. எனினும் பேரரசர்கள் பெயரால் அறியப்படும் ஒரு கோட்டையின் முதற் கல்லை ஓர் ஆட்டிடையன் வைத்தான் என்று மக்கள் நம்பிப் போற்றி வந்ததும் வரலாற்றின் ஒரு கூறே.

கொடிகளும் பெயர்களும்

விசயநகரப் பேரரசின் கீழ்ச் செஞ்சியில் நாயக்கர் ஆட்சி வேரூன்றியது. இன்று நாம் காணும் களஞ்சியங்கள், கல்யாண மகால், வேங்கடரமணர் கோயில் முதலிய பெருங்கட்டடங்கள் பெரும்பாலும் அவர் காலத்தன. 1597ஆம் ஆண்டு செஞ்சிக்கு வந்த ஏசு சபைத் துறவி பிமெண்டா, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே பெரியது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல்லின் எந்நகரும் இதற்கு நிகரில்லை என்றும் எழுதிச் சென்றார். இன்று முட்புதர் மூடிக்கிடக்கும் சமவெளியில் நின்று இதனை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கும்.

1649இல் பிஜப்பூர் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. புதிய ஆட்சியாளர் இதற்குப் பாதுஷாபாத் எனப் பெயரிட்டனர். இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றபின், 1677இல் சிவாஜி தம் தென்னாட்டுப் படையெடுப்பில் செஞ்சியைக் கைக்கொண்டு, பழைய மதில்களைத் திருத்தி வலுப்படுத்தினார். மராட்டியர் வாய்மொழியில் செஞ்சி 'சண்டி' ஆயிற்று.

சிவாஜியின் தொலைநோக்கு எத்தகையது என்பது அவர் மறைந்த பின்னரே விளங்கியது. 1689இல் அவர் மகன் சம்பாஜி முகலாயரால் கொல்லப்பட்டார். தலைநகர் இராய்கட் வீழ்ந்தது. இளையவர் இராஜாராம் மாறுவேடத்தில் தப்பி நெடுந்தொலைவு கடந்து செஞ்சியை அடைந்தார். அன்றுமுதல் ஏறத்தாழ எட்டாண்டுகள் மராட்டிய அரசின் தலைநகராக விளங்கியது இத்தமிழ்நாட்டு மலை. 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர்க்கு விற்ற ஒப்பந்தமும் இங்கிருந்தே முடிவாயிற்று. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் எல்லைவரை நிலம் அவர்க்கு உரியது என்பது அவ்வொப்பந்தத்தின் நிபந்தனை. புனித டேவிட் கோட்டை எனப் பெயர் மாறிய அதுவே பின்னாளில் ஆங்கிலேயர்க்கு வலுவான காலூன்றுமிடம் ஆயிற்று.

ஔரங்கசீப்பின் படைத்தலைவன் சுல்பிகார்கான் 1690இல் செஞ்சியை வளைத்தான். நம் புறப்பொருள் இலக்கணம் கூறும் உழிஞையும் நொச்சியும் ஏட்டிலிருந்து இறங்கி எதிரெதிரே நின்ற காட்சி அது. முற்றுகை இடையிடையே தளர்ந்தது. 1693இல் முகலாயப் படை பட்டினியால் வாடி வந்தவாசிக்குப் பின்வாங்கியது. மீண்டும் வந்து வளைத்தது. 1698இல் கோட்டை வீழ்ந்தபோது இராஜாராம் அதற்கு முன்பே தப்பிச் சென்றிருந்தார். வென்றவனின் பட்டப்பெயரால் கோட்டை நுஸ்ரத்கட் ஆயிற்று.

பின்னர் ஆர்க்காட்டு நவாபு, பின்னர்ப் பிரெஞ்சுக்காரர். 1750 செப்டம்பரில் புசி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஓர் இரவுத் தாக்குதலில் செஞ்சியைப் பிடித்தான். எட்டாண்டு நின்ற அரண் ஓரிரவில் வீழ்ந்தது எங்ஙனம்? அரண் எத்துணை மாட்சி உடையதாயினும் செயல்மாட்சி இல்லாதவரிடத்து அது பயனற்றது என்று அவ்வதிகாரத்தை முடிக்கிறாரே வள்ளுவர், விடை அதில் இருக்கிறது. 1761இல் புதுச்சேரி வீழ்ந்த சில திங்களில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 'கிழக்கின் டிராய்' என்று அவர்கள் இதனைப் போற்றினர். 1780இல் ஐதர் அலியின் படை கைப்பற்றியதே குறிப்பிடத்தக்க இறுதி நிகழ்ச்சி. அதன்பின் செஞ்சிக்காகப் போரிட எவரும் வரவில்லை.

பாதுஷாபாத், சண்டி, நுஸ்ரத்கட், டிராய் எனப் பெயரிட்டவர் அனைவரும் வாளும் பீரங்கியும் உடையவர். அப்பெயர்களுள் ஒன்றேனும் இன்று செஞ்சிப் பேருந்து நிலையத்தில் எவர்க்கேனும் தெரியுமா? பல்லாண்டுகள் ஆண்டும் அவர்கள் இட்ட பெயர் ஒட்டவில்லை.

தேசிங்கு

இனி, ஓராண்டுகூட நிறைவாக ஆளாத ஒருவன் கதையைச் சொல்ல வேண்டும்.

முகலாயர் ஆட்சியில் செஞ்சிக் கோட்டைத் தலைவனாக இருந்தவன் புந்தேல்கண்டைச் சேர்ந்த இராசபுத்திரன் சொரூப்சிங். 1714இல் அவன் இறந்தபின் மகன் தேஜ்சிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்றான். தந்தை காலத்து வரிப்பாக்கியை ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கேட்டான், தேஜ்சிங் மறுத்தான். 1714 அக்டோபர் 3ஆம் நாள் போர் மூண்டது. நவாபின் பெரும்படைக்கு எதிரே சில நூறு வீரரோடு சென்ற அவ்விளைஞன் களத்தில் மாண்டான். அவனோடு மாண்டவர்களுள் அவன் உயிர்நண்பனான முகமதிய வீரன் முகபத்கானும் ஒருவன். தேஜ்சிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபு எழுப்பிய ஊரே இராணிப்பேட்டை என்பது வழங்கிவரும் செய்தி.

வரலாற்றாசிரியர் நோக்கில் இது வரிப்பாக்கி பற்றிய ஒரு பூசல். சில பக்கங்களில் முடிந்துவிடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட சி.எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாற்று நூல் நூற்றாண்டுகளை விரித்துரைக்கிறது. அவற்றுள் தேஜ்சிங்கின் காலம் ஒரு துளி. மக்களோ அந்தத் துளியைக் கடலாக்கினர். தேஜ்சிங் தேசிங்கு ஆனான். முகபத்கான் மோவுத்துக்காரன் ஆனான். வடநாட்டு இராசபுத்திரன் அரங்கநாதரைக் குலதெய்வமாகத் தொழும் செஞ்சி மன்னனானான். தெருக்கூத்திலும் பெரிய எழுத்துப் பதிப்புகளிலும் அவன் வாழ்ந்தான். 1960இல் வெள்ளித்திரைக்கும் வந்தான்.

கதைப்பாடலில் இரண்டு இடங்கள் என் ஆயாவின் குரலைத் தழுதழுக்க வைக்கும். ஒன்று, தன் திருமணப் பந்தலிலிருந்தே நண்பனுக்காகப் போருக்கு எழுந்து வரும் மோவுத்துக்காரன். மற்றொன்று, போருக்குமுன் சிங்கவரத்தில் விடைகேட்டு நிற்கும் தேசிங்கு. போகாதே என்று அறிவுறுத்தியும் அவன் கேளாமையால் அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. இன்றும் அக்குடைவரையில் பள்ளிகொண்ட பெருமானின் தலை ஒருபுறமாகச் சாய்ந்திருப்பதைக் காட்டி, ஊரார் இக்கதையைச் சொல்கின்றனர். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பல்லவச் சிற்பத்துக்கு, முந்நூறாண்டுப் பழமையுடைய ஒரு மரணத்தைக் கொண்டு பொருள் கூறிவிட்டனர் மக்கள். காலமுறை பிழைதான், ஆயினும் கருத்தில் பிழையில்லை. தன் பிள்ளை சாகப் போகிறான் என்றறிந்த தாய் முகம் திருப்பாமல் வேறென்ன செய்வாள்?

அரசர்கள் மலைக்குப் பெயர் மாற்றினர், நிலைக்கவில்லை. மக்கள் மனிதர்களுக்குப் பெயர் மாற்றினர், அது நிலைத்துவிட்டது. அயலாரை நம்மவராக்கிக்கொள்ளும் ஆற்றல் அப்பெயர்மாற்றத்தில் இருந்தது. ஓர் இராசபுத்திரனையும் ஒரு முகமதியனையும் ஒரே மூச்சில் அழுது பாடிய தமிழ்க் கிழவிக்கு, அவர்கள் எக்குலம், எச்சமயம் என்னும் வினா எழவேயில்லை.

இன்றைய செஞ்சி

நேரில் காண விழைவோர்க்குச் சில சொற்கள். சாலை கோட்டைக்குள்ளேயே புகுந்து செல்வதால், பேருந்திலிருந்தே ஒருபுறம் இராஜகிரியும் மறுபுறம் கிருஷ்ணகிரியும் தெரியும். 1921 முதல் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், நுழைவுச்சீட்டு உண்டு. இராஜகிரி ஏறக் காலையிலேயே புறப்பட வேண்டும். பிற்பகலில் குறித்த நேரத்துக்குப்பின் மேலே விடுவதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், நிழல் குறைவு. குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். தின்பண்டத்தைக் குரங்குகள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் உண்டு. உச்சியில் ஓர் அரங்கநாதர் கோயிலும் மணிமண்டபமும் உண்டு. மூச்சிரைக்க ஏறி நிற்பவர்க்கு, மதில் மூன்று மலைகளையும் சுற்றி ஓடும் அழகு அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும்.

மலை ஏற இயலாத முதியோர் வருந்த வேண்டியதில்லை. கீழ்க்கோட்டையிலேயே ஒருநாள் போதாது. அடுக்கு மேல் அடுக்காக எழுந்து கூம்பி நிற்கும் கல்யாண மகாலுக்கு, வெளியே உள்ள குளத்திலிருந்து சுடுமண் குழாய்களின் வழியே மேல்தளம்வரை நீர் ஏற்றியுள்ளனர். யானைக்குளம், குதிரை இலாயங்கள், உடற்பயிற்சிக் கூடம் எனப் பலவும் உண்டு. புதுச்சேரி வாயிலை அடுத்து வேங்கடரமணர் கோயில். அதன் வாயிலில் இராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைந்த காட்சியும் செதுக்கப்பட்டுள்ளன. அருகில் 1717-18இல் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசல். செட்டிக்குளக்கரையில் தேசிங்கை எரியூட்டிய இடம் என்று ஒன்றைக் காட்டுவர். வென்றவன் எழுப்பிய பள்ளிவாசலும் தோற்றவன் எரிந்த மண்ணும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன.

காணாமற்போனவையும் உள. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயர்ந்த கருங்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரரால் செஞ்சியிலிருந்து கொண்டு செல்லப்பட்டவை. கடற்காற்று வாங்கச் செல்வோர் அவற்றின்மேல் சாய்ந்து நிற்கின்றனர். எந்த மலையிலிருந்து வந்தவை என்று கேட்பாரில்லை.

மாணவிக்கு விடை

உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றது மகிழத்தக்கதே. மதில்கள் இனிச் செம்மையாகப் பேணப்படும், அயல்நாட்டார் வருவர். மராட்டியர் இங்கு ஆண்டதும், எட்டாண்டு முற்றுகையைத் தாங்கியதும், இம்மலை அவர்தம் அரசு பிழைத்திருக்கப் புகலிடம் தந்ததும் மறுக்க இயலாத வரலாறு. என் கவலை வேறு. அவர்கள் ஆண்ட காலம் 1677 முதல் 1698 வரை, இருபத்தோர் ஆண்டுகள். பலகையில் ஒரு பெயரை மட்டும் படித்துவிட்டுச் செல்லும் பிள்ளைக்குச் சந்திரநந்தி ஆசிரியரும், ஆட்டிடையன் ஆனந்தக் கோனும், நாயக்கரின் களஞ்சியமும், மோவுத்துக்காரனின் நட்பும் தெரியாமற் போய்விடக் கூடாதே என்பதுதான். அதற்காக மராட்டியரின் பெயரை அழித்து வேறொரு பெயரை எழுத வேண்டும் என்பாரும் உளர். அவர்களும் பழைய வெற்றியாளர் செய்த செயலையே மீண்டும் செய்கின்றனர்.

அன்று மலையிலிருந்து இறங்கும்போது, ஆயா சொன்ன கதையை மாணவியர்க்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். பந்தலிலிருந்து மோவுத்துக்காரன் எழுந்து வரும் இடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டனர். கேள்வி கேட்ட மாணவி மட்டும், "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்றாள். அக்கதையைக் கேட்க விரும்பும் ஒருவர் இருக்கும்வரை இக்கோட்டை அவருக்கும் உரியது. அவர் எங்கிருந்து வந்தவராயினும் சரி.

அடுத்த முறை வரும்போது அவர்களைத் திருநாதர் குன்றுக்கும் சிங்கவரத்துக்கும் முதலில் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன். கோட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.